விழுது இறங்கும் முன்

மேஸ்திரி ஆக வேண்டும் என்று அவள் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. களையெடுக்கும் பெண்களை ஏற்றிப்போக வந்த வேன் டிரைவர், “இந்தக் கும்பலுக்கு யார் பொறுப்பு?” என்று கேட்ட நேரத்தில், காதோரம் கடித்த கொசுவை அடிக்க அவள் கையைத் தூக்கினாள். டிரைவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு போகவே இல்லை. அவள் வீட்டுக்காரர் வாசலிலேயே பஞ்சர் கடை வைத்திருந்தார். யாராவது அவளைத் தேடி வந்தால் அவரும், “மேஸ்திரி உள்ள இருக்காங்க” என்றுதான் சொல்வார்.

அவளுடைய கும்பலுக்கு வேலையெல்லாம் நிலக்கடலை வயல்களில். கடலை ஒரு வினோதமான பயிர். பூ மேலே பூக்கும், காய் மண்ணுக்குள் காய்க்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு காம்பு கிளம்பி, கீழே குனிந்து, மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அதைத்தான் விழுது என்பார்கள். விழுது இறங்கிய பிறகு வயலில் களைக்கொத்தைப் போடக் கூடாது. ஒரு கொத்து தவறி விழுந்தால் அந்த இடத்தில் காய் போச்சு. ஆகவே களையெடுப்பவர்களுக்கு ஒவ்வொரு பருவமும் அந்த விழுதோடு ஓடுகிற பந்தயம்தான். செடி முளைத்துக் கொஞ்சம் எழுந்ததும் ஒரு களை, பூ எடுக்கும் நேரத்தில் மண்ணை அணைத்து இன்னொரு களை. அதற்குமேல் வயலுக்குள் யாருக்கும் இடமில்லை.

குனிந்தே நகரும் வேலை. சாயங்காலம் வேனில் ஏறும்போது இடுப்பு நிமிர மறுக்கும். ஆனால் வரிசையில் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. எல்லோரையும்விட அதிகம் பேசுகிறவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தால் பக்கத்து வயல் மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். மேஸ்திரியை அவள் எப்போதும் “அக்கா” என்பாள். மேஸ்திரி சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவர மறந்த நாட்களில் தன் தூக்கைத் திறந்து பாதியை அவள் பக்கம் தள்ளுவாள்.

பெரிய வயல்களெல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தம். அவர் கல்யாணம், வைத்தியம், தேர்தல் எதைப் பேசினாலும் ஏக்கர் கணக்கில்தான் பேசுவார். “அந்த ஆஸ்பத்திரி மட்டும் ரெண்டு ஏக்கர் இருக்கும்” என்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ஏக்கர். முகத்துக்கு முன்னால் அண்ணே.

களைக்கொல்லி மருந்து முதலில் அவருடைய வயலுக்குத்தான் வந்தது. விதை போட்டதும், முளைக்கும் முன்பே மண்மேல் அடிக்கிற மருந்து. அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. அப்படியும் முளைத்து வந்த களையை எடுக்கப் பெண்கள் தேவைப்பட்டார்கள். பிறகு, பயிர் நிற்கும்போதே அதன் தலைமேல் அடிக்கிற மருந்து வந்தது. களை மட்டும் மஞ்சளாகிச் சுருண்டு விழ, கடலை பச்சையாக நின்றது. முதல் வருடம் அதைப் பார்த்து ஏக்கர் வயலைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெண்களுக்கு ஒரு களை வேலை போனது. மறுவருடம் இரண்டாவது களையிலும் பாதி போனது. கும்பலில் சிலர் தையல் கம்பெனிக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் வேனில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். அத்தனை இடம்.

அடுத்த அடி வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

மேஸ்திரிக்கு ஒரு தம்பி. அம்மா போன பிறகு அவள் கையில் வளர்ந்தவன். கல்யாணமாகி, அதே வீட்டின் பின்கட்டு அறையில் மனைவியோடு இருந்தான். எதையும் முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாதவன். பேட்டரியில் ஓடும் மருந்து டேங்க் ஒன்றை அவன் வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு கூலிக்கு மருந்தடிக்கப் போவது அவளுக்குத் தெரியும். யாருடைய வயலுக்கு என்பதுதான் தெரியாது. அதை ஏக்கர் வாயால்தான் கேட்டாள்.

“இந்த வருஷம் கையால களை கிடையாது” என்றார் ஏக்கர், வயல் ஓரத்தில் பைக்கை நிறுத்தியபடி. பெண்கள் களைக்கொத்தோடு வேனிலிருந்து இறங்கி நின்றிருந்தார்கள். “உன் தம்பிகிட்டச் சொல்லியாச்சு. அவனே அடிக்கிறான். வீட்டுல சொல்லலையா?”

மேஸ்திரிக்கு முகம் சூடேறியது. பெண்கள் அவளைப் பார்த்தார்கள். பட்டாசுதான் முன்னால் வந்தாள்.

“முன்னாடியே சொல்லியிருந்தா வேற வயலுக்குப் போயிருப்போம்ல? வேன் ஏறி வந்து இறங்கின பிறகு சொல்றதா நியாயம்?”

“என் வயலு, என் நியாயம்.”

“அப்ப நல்லாக் கேட்டுக்குங்க. உங்க கடலை கருகித்தான் போகும். இதே மூலையில நின்னு நான் பாக்கத்தான் போறேன்!”

வேன் டிரைவர் சிரித்தார். பெண்களில் சிலரும் சிரித்தார்கள். ரோட்டில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அந்தச் சிரிப்பு அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

தம்பி மருந்தடித்துச் சில நாள் கழித்து, காலை நேரம், டீக்கடை நிறைந்திருந்தபோது ஏக்கர் உள்ளே வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய கடலைச் செடிகள். நடு மேசையில் வீசினார். தண்டு பிழிந்த துணி மாதிரி முறுக்கிக் கிடந்தது. இலைகள் கிண்ணமாகக் குழிந்து, நுனி சுருண்டிருந்தது. ஆரோக்கியமான செடியைப் பார்த்தவர்களுக்கு அதைத் தொடவே கூசும்.

“விஷம் ஊத்திட்டாளுங்க” என்றார். “ரோட்டோர மூலையிலதான் மோசம். உள்ள போகப் போகக் குறையுது. ரோட்டுல நின்னு வீசியிருக்காளுங்க. கருகிப் போகும்னு முன்கூட்டியே சொன்னாளே ஒருத்தி, நீங்க எல்லாரும் கேட்டீங்கதானே?”

கேட்டிருந்தார்கள். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. மேஸ்திரி வாசல் பக்கம் நின்றிருந்தாள். “அண்ணே, எங்க பொம்பளைங்க அப்படிச் செய்ய மாட்டாங்க” என்றாள். அவளுக்கே அது பலவீனமாகக் கேட்டது. மூலை மேசையில் தம்பி உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த கிளாஸை வாய்க்குக் கொண்டுபோய், குடிக்காமல், திரும்ப வைத்தான். அக்காவுக்கு நேர்ந்த அவமானத்தில் குன்றிப்போயிருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“போலீசுக்குப் போறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது” என்றார் ஏக்கர். “செஞ்சவ யாருன்னு நீயே கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் உன் கும்பல்ல ஒருத்தியும் யார் வயல்லயும் கால் வைக்க முடியாது.”

வெறும் மிரட்டல் இல்லை அது. மறுநாள் வேன் வரவில்லை. டிரைவர் போனை எடுத்து, “எல்லாரும் வேண்டாங்கறாங்க, நான் என்ன செய்ய?” என்றார். பெண்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, களைக்கொத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். கடைத்தெருவில் யாரோ ஒருத்தியைப் பார்த்து, “தள்ளி நில்லுங்கப்பா, ஏதாவது ஊத்திடப் போறா” என்று சொன்னார்களாம். அவள் அதை மேஸ்திரியிடம் சொல்லும்போது சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

சந்தேகம் முள்ளுக்கீரை மாதிரி. ஒரு விதை விழுந்தால் போதும். பட்டாசு தன் ஆட்டுக்குத் தழை ஒடிக்கச் சாயங்காலங்களில் ஏக்கர் வயல் ஓரமாகத்தான் போவாள். அது மேஸ்திரிக்கு நினைவு வந்தது. வேண்டாம் என்று தள்ளினாள். திரும்ப வந்தது. கடைசியில் பட்டாசின் வீட்டு வாசலில் போய் நின்றாள். கதவோரம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது.

“உன்னை ஒண்ணு கேக்கணும்” என்றாள் மேஸ்திரி. “கோபத்துல… தெரியாம ஏதாவது…”

பட்டாசு வெடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குனிந்து, அந்த டப்பாவின் மூடியைத் திறந்து, மேஸ்திரியின் முகத்துக்கு நேராக நீட்டினாள். மண்ணெண்ணெய்.

“அடுப்புக்கு” என்றாள். “மோந்து பாருங்க. நல்லா மோந்து பாருங்க. அப்புறம் போங்க, மேஸ்திரி.”

அக்கா என்ற சொல் அன்றைக்கு அவள் வாயிலிருந்து போனது.

வீட்டுக்குத் திரும்பியபோது பின்கட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தம்பி குழாயடியில் குந்தி உட்கார்ந்து மருந்து டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தான். டியூப்பைத் தனியாகக் கழற்றி, நாசிலைத் தனியாகக் கழற்றி, எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தான். முந்தின நாளும் அவன் அதையே கழுவியதை அவள் பார்த்திருந்தாள்.

“ஏன்டா, கழுவினதையே கழுவுற?”

“அழுக்கு.”

அவள் குனிந்து டேங்க் வாயில் மூக்கை வைத்தாள். “ஒரு வாடையும் இல்லையே.”

“நமக்குத் தெரியாதுக்கா” என்றான், நிமிராமல். “செடிக்குத்தான் தெரியும்.”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். குழாயை மூடினாள். சத்தம் நின்றதும் அவன் பேச ஆரம்பித்தான், ஏதோ தண்ணீர்தான் அவ்வளவு நாளும் அவன் வாயை அடைத்து வைத்திருந்தது மாதிரி.

“ஏக்கர் வயலுக்கு அடிக்கறதுக்கு முந்தின நாள் ஒருத்தருக்குச் சோளத்துக்கு அடிச்சேன். சோளத்து மருந்து கடலைக்கு ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணி ஊத்தி ஊற வெச்சு, டியூப்புல இருக்கறதையும் வெளியேத்தணும்னு மருந்துக்கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. ஏக்கர் போன் மேல போன் போட்டாரு. காத்து கிளம்பறதுக்குள்ள வந்து அடிச்சு முடின்னு. சும்மா தண்ணிய ஊத்திக் குலுக்கிட்டுப் போயிட்டேன். மிச்சம் இருந்ததெல்லாம் முதல் டேங்க்லயே இறங்கியிருக்கு. ரோட்டோர மூலையிலதான் ஆரம்பிச்சேன்.”

“டீக்கடையில அவரு அந்தப் பேச்சுப் பேசினாரு. நீ உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்த.”

“குடிக்கலக்கா.”

அவள் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. பட்டாசு நீட்டிய டப்பாவின் வாடை இன்னும் மூக்கில் இருந்தது.

“நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீயே போய்ச் சொல்லு.”

“சொன்னா என் பொழைப்பு போச்சு. டேங்க் கழுவத் தெரியாதவனை எவன் கூப்பிடுவான்?”

“சொல்லலேன்னா அத்தனை பேரு பொழைப்பு போச்சு. நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன். தம்பின்னு பாக்க மாட்டேன்.”

அவன் தலையாட்டினான். எப்போதும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன்தான்.

காலையில் அவன் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். “அண்ணி, அவரைக் காணோம். பையைக் காணோம். ரெண்டு சட்டையையும் காணோம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அவர்கிட்ட என்ன சொன்னீங்க?” என்றாள். மேஸ்திரி ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டாள். அழுவாள் என்று மேஸ்திரி எதிர்பார்த்தாள். அவள் உள்ளே போய்த் தன் போனை எடுத்துக்கொண்டு வந்து, “நானும் வரேன்” என்றாள்.

ஏக்கர் வீட்டு முற்றத்தில் ஒரு பம்பு மோட்டாரைப் பிரித்துப் போட்டு அவர் சரிசெய்துகொண்டிருந்தார். மேஸ்திரி பெண்களுக்கும் ஆள் அனுப்பியிருந்தாள். நாலைந்து பேர் வந்தார்கள். பட்டாசும் வந்தாள், ஆனால் கேட்டுக்கு இந்தப் பக்கம் வரவில்லை. கம்பியைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றாள்.

மேஸ்திரி சொல்லி முடிக்கும்வரை ஏக்கர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

“நல்லாயிருக்கு கதை” என்றார். “உன் தம்பி எங்க?”

“ஊர்ல இல்ல.”

“ஆள் இல்லாத நேரமாப் பாத்து அவன் தலையில கட்டுற. கூடப் பொறந்தவனையே காட்டிக் கொடுக்கிறவ என் வயலை விட்டுவெப்பியா?”

அந்த வார்த்தை அவளை எங்கேயோ அடித்தது. இரவெல்லாம் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

தம்பி மனைவி போனை எடுத்து நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, முற்றத்து நடுவில் கையை நீட்டிப் பிடித்தாள். மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. ஏக்கர் ஸ்பேனரால் மோட்டாரை இரண்டு தட்டுத் தட்டினார். அவள் மறுபடியும் போட்டாள். மறுபடியும் ஓய்ந்தது. “எடுக்க மாட்டான். இருந்தாத்தானே எடுப்பான்” என்றார் ஏக்கர். அவள் மறுபடியும் போட்டாள். நீட்டிய கை கீழே இறங்கவில்லை.

சட்டென்று பஸ் இரைச்சல் கேட்டது.

“எங்க இருக்கீங்க?”

“டவுன் பஸ் ஸ்டாண்டுல.”

“நான் ஏக்கர் வீட்டு முற்றத்துல நிக்கிறேன்.” முகத்துக்கு நேரே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவே இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. “உங்க அக்கா இருக்காங்க. எல்லாரும் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். உங்க அக்கா பொய் சொல்றாங்கன்னு இவரு சொல்றாரு.”

எதிர்முனையில் யாரோ ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஹாரன் நீளமாக அடித்தது. அவன் வைத்துவிட்டான் என்றே மேஸ்திரி நினைத்தாள்.

“அண்ணே” என்றான் தம்பி. “அக்கா சொன்னது நிஜம். டேங்க்ல சோளத்து மருந்து மிச்சம் இருந்துச்சு. நான் சரியாக் கழுவல. அவங்க யாரும் ஒண்ணும் ஊத்தல.”

ஏக்கர் ஸ்பேனரை மோட்டார் மேல் வைத்தார். போனைப் பார்த்தார், அதில் முகம் தெரியும் என்பது போல. பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது கேட்டருகே பட்டாசு இல்லை.

அன்று சாயங்காலம் மேஸ்திரி அவள் வீட்டுக்குப் போனாள். “தப்பு என்னுதுதான்” என்றாள்.

“நீங்க கேட்டது தப்பில்ல மேஸ்திரி” என்றாள் பட்டாசு, ஆட்டுக்குத் தழை போட்டபடி. “உங்க இடத்துல நானும் கேட்டிருப்பேன். ஆனா கேக்கறப்ப என் மூஞ்சியைப் பாக்கல நீங்க. டப்பாவைப் பாத்தீங்க.”

தம்பி அன்றைக்கே திரும்பி வந்துவிட்டான். ஏக்கர் போலீசுக்குப் போகவில்லை. அவனை அவசரப்படுத்தி மருந்தடிக்கச் சொன்ன போன் அவருடையதுதான் என்பது அவருக்கும் தெரியும். மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் வயல் அவரை விடவில்லை. அடிபட்ட பக்கம் செடி வளராமல் நின்றதால் வரிசைக்கு நடுவே வெயில் விழுந்தது. வெயில் விழுந்த இடத்திலெல்லாம் கோரையும் முள்ளுக்கீரையும் கிளம்பின. நல்ல பக்கத்திலும் கீரை சாகவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் ஓடினார்.

“வருஷா வருஷம் ஒரே மருந்து” என்றார் கடைக்காரர். “சாகறது செத்துப் போச்சு. சாகாதது விதை போட்டுச்சு. இப்ப உங்க வயல்ல நிக்கறது எல்லாம் சாகாததோட பிள்ளைங்க. அதுவும் அடிபட்ட பயிர் தலைமேல இன்னொரு மருந்தா? வித்தா எனக்கு லாபம்தான். வேண்டாம், போய் ஆளைக் கூப்பிடுங்க.”

பூ எடுத்துவிட்டது. விழுது இறங்க அதிக நாள் இல்லை. மழைக்காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏக்கரின் பைக் பஞ்சர் கடை முன்னால் வந்து நின்றது. “டயர்ல காத்து குறையற மாதிரி இருக்கு” என்றார். மேஸ்திரியின் வீட்டுக்காரர் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். “காத்து சரியாத்தான் இருக்கு. மேஸ்திரி உள்ள இருக்காங்க.”

மேஸ்திரி வெளியே வந்து அவர் சொன்னதைக் கேட்டாள். “நான் ஒருத்தி வந்து ஆகப்போறது ஒண்ணுமில்ல. நீங்க யாரைச் சொன்னீங்களோ அவளைக் கேளுங்க. அவ வந்தா எல்லாரும் வருவாங்க.”

பட்டாசு ஒரே நிபந்தனைதான் போட்டாள். எந்த மேசையில் செடியை வீசினாரோ அந்த மேசைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

சொன்னார். டீக்கடையில் கூட்டம் இருந்த நேரம் பார்த்துத்தான் பட்டாசு அவரை வரச் சொல்லியிருந்தாள். “அவங்க ஒண்ணும் ஊத்தல. நான் சொன்னது தப்பு” என்றார், மேசையைப் பார்த்தபடி.

“அடுப்புக்கிட்ட இருக்கறவருக்குக் கேக்கல” என்றாள் பட்டாசு.

டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். ஏக்கர் இன்னொரு தடவை சொன்னார். இந்த முறை கழுத்து நரம்பு தெரிந்தது. யாரும் கைதட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. பட்டாசு வெளியே போய், “வேன் எப்ப வருது?” என்று கேட்டாள்.

மறுநாள் வயலுக்குள் இறங்கியதும் மேஸ்திரி வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தாள். நினைத்ததைவிட மோசம். நல்ல பக்கத்தில் சில வரிசைகளில் விழுது ஏற்கெனவே மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே கொத்து கூடாது, ஒரு கையால் கடலையின் அடியை அமுக்கிப் பிடித்து இன்னொரு கையால் கீரையைப் பிடுங்க வேண்டும். அடிபட்ட பக்கம் பூவே தாமதம், கொத்துப் போடலாம், ஆனால் அங்கே கோரை பாய் விரித்திருந்தது. எதை முதலில் பார்ப்பது? இரண்டையும் காப்பாற்ற நேரம் இல்லை.

“நல்ல பக்கம் முதல்ல!” என்று கத்தினாள். “காய் காய்க்கப் போறது அங்கதான். வெறுங்கை மட்டும். எவளாவது கொத்தைத் தூக்கினா அவ கையை நான் ஒடிப்பேன்!”

அன்றைக்குப் பேச்சு இல்லை. முள்ளுக்கீரை பெயருக்கேற்ற மாதிரி விரல்களைக் கிழித்தது. துணி சுற்றிக்கொண்டு பிடுங்கினார்கள். தம்பி களைக்கொத்தோடு வரப்பில் வந்து நின்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை, வரிசை கொடுக்கவும் இல்லை. வெகுநேரம் நின்றான். கடைசியில் பட்டாசு தலையைத் தூக்காமலே ரோட்டோர மூலையைக் கை காட்டினாள். “அது உன்னுது.” முறுக்கிப்போன செடிகளுக்கு நடுவே அவன் தனியாக உட்கார்ந்து கோரையைத் தோண்டினான். ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற இடம் அது.

மூன்றாம் நாள் மேகம் கறுத்தபோது ஏக்கரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கொஞ்ச நேரம் வேகமாகப் பிடுங்கினார்.

“அண்ணே” என்றாள் பட்டாசு. “இப்ப பிடுங்கினீங்களே, அது உங்க பயிரு.”

அவர் கையில் இருந்ததைப் பார்த்தார். முதல் ஆளாக அவரே சிரித்தார். பிறகுதான் மற்றவர்களுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் முதல் துளி விழுந்தது.

முழுவதும் முடிக்க முடியவில்லை. அடிபட்ட பக்கத்தில் ஒரு பட்டை அப்படியே நின்றது. மழை நின்று மண் காய்வதற்குள் அங்கேயும் விழுது இறங்கிவிட்டது. பிறகு யாரும் அதில் கால் வைக்கவில்லை. கீரை ஆள் உயரம் வளர்ந்தது. அதை ஏக்கர் கடைசிவரை அறுவடை செய்யவில்லை. நல்ல பக்கம் நன்றாகவே காய்த்தது. ரோட்டோர மூலையில் செடியைப் பிடுங்கினால் வேரும் நாலைந்து பொக்குக் காயும்தான்.

அதற்கு அடுத்த பருவங்களில் வேலை முறை மாறியது, பழையதுக்கும் போகவில்லை, புதியதிலும் நிற்கவில்லை. ஏக்கர் ஒரு வருடம் கடலை, மறுவருடம் வேறு பயிர் என்று மாற்றிப் போட ஆரம்பித்தார். விதைத்ததும் முளைக்கும் முன் ஒரே ஒரு மருந்து, அதுவும் வருடத்துக்கு வருடம் வேறு. அதைத் தம்பிதான் அடிக்கிறான். முதல் வருடம் அவனை யாரும் கூப்பிடவில்லை. பிறகு, டேங்க் கழுவுவதில் இப்போது அவனைவிடப் பயந்தவன் யாரும் இருக்க மாட்டான் என்று மருந்துக்கடைக்காரரே ஆள் அனுப்பினார். சோளத்துக்கென்று தனி டேங்க் வைத்திருக்கிறான். வரிசைக்கு நடுவில் என்ஜின் வைத்த களையெடுக்கும் மிஷின் ஓடுகிறது. செடியை ஒட்டி நிற்கும் களைக்குப் பெண்கள் குனிகிறார்கள். ஒரே களை, கும்பலும் பாதிதான். தையல் கம்பெனிக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

மிஷினைத் தள்ளுவது மேஸ்திரி. முதல் நாள் அது அவளை இழுத்துக்கொண்டு வரப்பில் ஏறியது. இப்போது அடங்கிவிட்டது, ஆனால் சாயங்காலம் தோள் இரண்டும் தனியாக நடுங்கும். பட்டாசு வரிசையில் முன்போலவே பேசுகிறாள், வேலை விஷயமாக அவளோடும் பேசுகிறாள். சாப்பிட உட்காரும்போது மட்டும் வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். மேஸ்திரி ஒருமுறை தூக்கைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினாள். “வயிறு நிறைஞ்சிருக்கு மேஸ்திரி” என்று சொல்லிவிட்டாள்.

தம்பியோடு பேச்சு நிற்கவில்லை, ஒரே வீடு, எப்படி நிற்கும்? ஆனால் அந்த நாளைப் பற்றி இருவரும் வாய் திறக்கவே இல்லை. ஒரு சாயங்காலம் அவள் மிஷினின் பிளேடில் சுற்றியிருந்த கோரை வேரைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

“நான் போன் எடுக்காம இருந்திருந்தா என்னக்கா பண்ணியிருப்ப?”

அவள் யோசித்தாள். “தெரியலடா. அங்கேயே நின்னுக்கிட்டு இருந்திருப்பேன்.”

“நான் பஸ்ல ஏறி உக்காந்துட்டேன்” என்றான். “எறங்கித்தான் எடுத்தேன்.”

அவள் கத்தியை அவனிடம் கொடுத்தாள். இறுகிச் சுற்றியிருந்த வேரை அவன் அறுக்க, அவள் பிளேடைப் பிடித்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் மிஷினைத் துடைத்து உள்ளே வைத்தார்கள். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது.